மனசுக்கு ஒரு நாற்காலி – 7: மேனேஜர் கால்

ஜூன், ஜூலை மாதங்களில் தமிழ்நாட்டில் 'கவுன்சலிங்' என்று வாயெடுத்தால், அடுத்த கேள்வி "கட் ஆஃப் எவ்வளவு?" என்றுதான் வரும். பொறியியல் இடத்துக்கும் கவுன்சலிங், ஆசிரியர் இடமாறுதலுக்கும் கவுன்சலிங். மகளிர் காவல் நிலையத்தில் கணவனையும் மனைவியையும் உட்காரவைத்து "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா" என்று அனுப்பிவைப்பதற்கும் அதே பெயர். பள்ளியில் ஹெச்.எம். கூப்பிட்டு அரை மணி நேரம் டோஸ் விட்டால் அதுவும் கவுன்சலிங்தான். என் அறைக்கு முதன்முறை வருகிறவர்கள் இத்தனை அர்த்தங்களையும் சுமந்துகொண்டுதான் வருகிறார்கள். சிலர் தீர்ப்பை எதிர்பார்க்கிறார்கள், சிலர் திட்டை.

"இவனுக்கு நல்லா நாலு வார்த்தை சொல்லுங்க மேடம்" என்று மகனை உள்ளே அனுப்பிவிட்டு வெளியே காத்திருக்கும் அப்பாக்கள் உண்டு. அந்த நாலு வார்த்தையைப் பெரியப்பா, டியூஷன் சார், பக்கத்து வீட்டு அங்கிள் எல்லாரும் ஏற்கெனவே சொல்லி முடித்திருப்பார்கள். ஐந்தாவதாக நானும் சொல்வதற்கு எதற்குக் கட்டணம்? நான் அந்தப் பையனிடம் தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, வீட்டில் யார் யார், எப்போதிலிருந்து இப்படி என்று கேட்பேன். பிறகு பெரும்பாலும் அவன்தான் பேசுவான். வெளியே வந்ததும் அப்பா கேட்பார்: "என்னடா சொன்னாங்க?" "ஒண்ணும் சொல்லலப்பா." அவர் முகத்தில் ஏமாற்றம் அப்படியே தெரியும்.

இந்தத் தொடர் ஆரம்பித்த நாளிலிருந்து வரும் கடிதங்களில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் சிலவற்றுக்கு இந்த வாரம் பதில் எழுதுகிறேன்.

முதலாவது, யாரிடம் போவது? சைக்கியாட்ரிஸ்ட் எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவம் படித்தவர், மாத்திரை எழுதுவார். சைக்காலஜிஸ்ட் உளவியல் படித்தவர். பேச்சும் பயிற்சியும்தான் அவர் கருவி, மாத்திரை எழுத முடியாது. பலருக்கு இருவருமே தேவைப்படும். என்னை 'டாக்டர்' என்று கூப்பிடுகிறவர்களை நான் திருத்திவிடுவேன். இரண்டு வாரம் கழித்து "மாத்திரை தரவே இல்லையே" என்ற வருத்தம் வரக் கூடாது, பாருங்கள்.

'கவுன்சலர்' என்ற பலகைதான் சிக்கல். வார இறுதி வகுப்பில் சான்றிதழ் வாங்கியவரும் அதை மாட்டியிருப்பார், பத்து வருடம் படித்துப் பயிற்சி எடுத்தவரும் மாட்டியிருப்பார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொல்லிக்கொள்கிறவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்.சி.ஐ.யில் பதிவு செய்திருக்க வேண்டும். "உங்க பதிவு எண் என்ன, எங்கே பயிற்சி எடுத்தீங்க?" என்று தயங்காமல் கேளுங்கள். புடவைக்கடையில் சாயம் போகுமா என்று நாலு தடவை கேட்கிறோம், இதைக் கேட்பதில் என்ன கூச்சம்? கேட்டதற்கு முகம் சுளிப்பவரிடம் உங்கள் கதையைச் சொல்ல வேண்டியதில்லை.

கட்டணம் ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும். சில நூறு ரூபாயும் உண்டு, ஆயிரங்களும் உண்டு. கட்ட முடியாதவர்களுக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. இலவசம்தான், கூட்டம் இருக்கும்.

"போனால் பைத்தியம்னு முத்திரை குத்திடுவாங்களே?" இதற்குப் பின்னால் 'கீழ்ப்பாக்கம்' என்ற ஒற்றைச் சொல் இருக்கிறது. 1794-ல் சென்னையில் தொடங்கிய மனநல மருத்துவமனை, பின்னாளில் அங்கே இடம் மாறியது. பாவம், அந்த ஊரின் பெயரே நம் சினிமாவில் கிண்டலாகிவிட்டது. என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் தூங்க முடியாதவர்கள், வேலையில் கசங்கிப்போனவர்கள், பிரசவத்துக்குப் பின் காரணம் தெரியாமல் அழுகிறவர்கள், பறிகொடுத்தவர்கள். 'டிப்ரஷன்' என்ற வார்த்தையோடு வருகிறவர் குறைவு. "நெஞ்சடைக்குது", "தலை பாரமாவே இருக்கு", "எதுலயும் மனசு ஒட்டல" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அப்படியே சொல்லுங்கள், அது போதும். நோய்க்குப் பெயர் வைப்பது எங்கள் வேலை.

அடுத்தது ரகசியம். "கல்யாணம் பேசும்போது தெரிஞ்சிடுமா?", "ஆபீஸுக்குச் சொல்லிடுவீங்களா?" மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, சிகிச்சை பெறுகிறவரின் தகவல்களை ரகசியமாக வைக்கும் உரிமையைச் சட்டமாகவே ஆக்கியிருக்கிறது. அம்மா போன் செய்து "என் பொண்ணு என்ன சொன்னா?" என்று கேட்டாலும், வயது வந்த பெண்ணின் சம்மதமில்லாமல் நான் சொல்ல மாட்டேன். இதற்காகத் திட்டும் வாங்கியிருக்கிறேன். விதிவிலக்குகளை முதல் நாளே சொல்லிவிடுவேன்: உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்றால், நீதிமன்றம் உத்தரவிட்டால், குழந்தைமீது பாலியல் வன்முறை நடந்திருப்பது தெரியவந்தால். கடைசியாகச் சொன்னதைப் போக்சோ சட்டப்படி காவல்துறையிடம் தெரிவித்தே ஆக வேண்டும், மறைத்தால் அதுவே குற்றம்.

எத்தனை தடவை வரணும்? பிரச்னையைப் பொறுத்தது. எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்சி தரும் சி.பி.டி. போன்ற முறையில் ஆறிலிருந்து இருபது அமர்வுகள் வரை ஆகலாம். முதல் அமர்வு முடிந்து வீட்டுக்குப் போனதும் முன்பைவிடக் கனமாக இருக்கிறது என்று சொல்கிறவர்கள் உண்டு. பரணைச் சுத்தம் செய்யும் நாளில் கூடமெல்லாம் தூசாகத்தானே இருக்கும்? ஆனால் மூன்று, நான்கு அமர்வுக்குப் பிறகும் இவரிடம் பேச வாய் வரவில்லை என்றால், ஆளை மாற்றுங்கள். சொல்லாமல் நின்றுவிடுவதைவிட, "உங்ககிட்ட எனக்குச் சரியா வரல மேடம்" என்று சொல்லிவிட்டுப் போவது நல்லது. யாரிடம் போகலாம் என்று நானே பெயர் எழுதிக் கொடுத்ததுண்டு.

இனி, ஆன்லைன். கடிதங்களில் அதிகம் கேட்கப்படுவது இதுதான்: "போன்ல பேசினா சரியாகுமா?" பதற்றம், மனச்சோர்வு போன்றவற்றுக்கு வீடியோ அமர்வு நேரில் பார்ப்பதற்கு ஏறக்குறைய ஈடாகவே வேலை செய்கிறது. 2020 மார்ச்சில், ஊரடங்கின் முதல் நாட்களிலேயே, மருத்துவர்கள் தொலைவிலிருந்து சிகிச்சை தருவதற்கான வழிகாட்டு நெறிமுறைகளை மத்திய அரசு வெளியிட்டது. அதன் பிறகு திரை எங்கள் தொழிலின் பாதியாகிவிட்டது. அது தந்த பெரிய வரம், மொழி. துபாயில் ஆறு பேர் படுக்கும் அறையில் இருக்கும் ஒருவரால், அங்கே ஆள் கிடைத்தாலும் தமிழில் அழ முடியாது. இங்கேயிருந்து முடிகிறது.

வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்தபடி கவுன்சலிங் என்பது கேட்க எவ்வளவு வசதியாக இருக்கிறது! ஆனால் எந்த வீட்டில்? கதவைச் சாத்தினாலே "உள்ளே என்ன பண்ற?" என்று குரல் வரும் வீட்டிலா? ஒற்றைப் படுக்கையறையில் ஐந்து பேர் இருக்கும் வீட்டிலா? என் திரையில் நான் பார்த்த இடங்களைச் சொல்கிறேன். நிறுத்திவைத்த கார். குழாயைத் திறந்துவிட்ட குளியலறை. பூங்கா பெஞ்சு. ஒருவர் பைக்கில் சாய்ந்தபடியே மொத்த அமர்வையும் முடித்தார், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. அழுதால் தெரியாதாம்.

இதனால் ஆன்லைன் அமர்வுக்கு முன் நான் கேட்பவை கொஞ்சம் விநோதமாகத் தோன்றும். இப்போது எங்கே இருக்கிறீர்கள்? சரியான விலாசம் என்ன? அவசரமென்றால் யாரைக் கூப்பிடலாம்? நேரில் வந்தவர் மயங்கி விழுந்தால் நான் தாங்கிப்பிடிப்பேன், திரையில் விழுந்தால் விலாசம்தான் கை. ஹெட்போன் கட்டாயம். இரு பக்கமும் பதிவு செய்யக் கூடாது. சிக்னல் போனால் யார் யாரைத் திரும்ப அழைப்பது என்பதையும் முன்பே பேசிவைப்போம். முக்கியமான இடத்தில் இணையம் அறுந்து, "பேச்சு பிடிக்காமத்தான் கட் பண்ணிட்டீங்களோன்னு நினைச்சேன்" என்று ஒருவர் மறுநாள் சொன்னது எனக்குப் பாடம்.

கூடவே ஒரு சங்கேத வார்த்தையும் வைத்துக்கொள்வோம். திடீரென யாராவது அறைக்குள் வந்தால், "குக்கர் வெச்சிருக்கேன்" என்பார் ஒருவர். உடனே நான் சமையல் குறிப்புக்கு மாறிவிடுவேன். ரசப்பொடி அளவு இதனால் எனக்கு நன்றாகவே தெரியும்.

ஆன்லைன் சரிப்படாத நேரங்களும் உண்டு. அடிக்கிற கணவர் அதே வீட்டில் இருக்கும்போது திரை வழியே பேசுவது ஆபத்து, வெளியே வர வழி பார்ப்போம். காதில் குரல் கேட்கிறது, யாரோ பின்தொடர்கிறார்கள் என்று சொல்லும் நிலையில் நேரில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்துவிட்டால், அடுத்த வார அப்பாயின்மென்ட்டுக்குக் காத்திருக்கவே கூடாது. 14416 என்ற எண்ணை அழையுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் நடக்கிறது. இருபத்துநாலு மணி நேரமும் தமிழில் பேசலாம், காசில்லை. அல்லது அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

மொட்டை மாடியிலிருந்து பேசும் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் சம்மதத்தோடு, ஊரையும் வேலையையும் மாற்றித்தான் எழுதுகிறேன். அப்பா இறந்து எட்டு மாதம். வீட்டில் அம்மாவும் இவரும் மட்டும். அப்பாவைப் பற்றி இருவரும் பேசிக்கொள்வதே இல்லை. ஒருவர் அழுதால் இன்னொருவர் உடைந்துவிடுவார் என்ற பயம். சனிக்கிழமை ஆறு மணிக்கு, "மேனேஜர் கால்மா" என்று சொல்லிவிட்டு மாடிக்கு வந்துவிடுவார். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்து, காற்று இரைச்சலுக்கு நடுவே பேசுவார்.

கோடை வந்தது. அம்மா மாடியில் வத்தல் காயப்போட ஆரம்பித்தார். ஒரு சனிக்கிழமை பேச்சின் நடுவில் அந்தப் பெண் சட்டென்று நிறுத்தி, "சரிங்க சார், ரிப்போர்ட் அனுப்பிடறேன்" என்றார். எங்கள் சங்கேதம் அது. பின்னால் சேலைத்தலைப்பு தெரிந்தது. அழைப்பைத் துண்டித்துவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை கேட்டேன்: "அன்னைக்கு என்ன ஆச்சு?"

"அம்மா வத்தலைத் திருப்பிப் போட்டுட்டே கேட்டாங்க மேடம், 'மேனேஜர்கிட்ட எதுக்குடி அப்பா கதை?'ன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல. அவங்களும் அப்புறம் கேட்கல." கேமராவை மெல்லத் திருப்பிக் காட்டினார். தரை காலியாக இருந்தது. "இன்னைக்கு அஞ்சரைக்கே வந்து வத்தலை எல்லாம் அள்ளிட்டுப் போயிட்டாங்க."

(தொடரும்)