யானைக்கால் புழுவும் வயதிற்கேற்ற தடைக்காப்பும்

திருவனந்தபுரத்தில் கிழக்கே கோட்டையை அடுத்துள்ள சாலை, 18-ஆம் நூற்றாண்டில் திவான் இராஜா கேசவதாசால் ஏற்படுத்தப்பட்ட கடைத்தெருவாகும். இத்தகைய நெருக்கமான நகர்ப்பகுதிகளில் கழிவுநீர் தேங்குமாயின் கியூலெக்ஸ் கொசு பெருகும். நகரங்களில் யானைக்கால் நோயைப் பரப்புவது இக்கொசுவே. திருவிதாங்கூரில் இந்நோய் பரவும் முறையை எம். ஓ. டி. அய்யங்கார் விரிவாக ஆராய்ந்து 1938-இல் வெளியிட்டார்.

ஒரே தெருவில் கொசுக்கடிக்கு ஆளாகும் குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே விளைவு உண்டாவதில்லை. இதன் காரணத்தை அறிவது களப்பணியாளர்க்கும் ஆசிரியர்க்கும் பயன் தருவதாகும்.

கொசு கடிக்கும்பொழுது அதன் வாயுறுப்பிலிருந்து வெளிப்படும் இளம்புழுக்கள், கடிவாயின் வழியே உடலினுள் புகுகின்றன. அவை நிணநீர்க் குழாய்களை அடைந்து, இருமுறை தோலுரித்து, முதிர்ந்த புழுக்களாகின்றன. முதிர்ந்த புழு பல ஆண்டுகள் உயிர்வாழும். அது ஈனும் நுண்புழுக்கள் இரவு நேரத்தில் இரத்தத்தில் மிகுதியாகக் காணப்படும்.

உடல் இவற்றை எதிர்க்காமல் இருப்பதில்லை; ஆயின் அவ்வெதிர்ப்பு மெல்லவே வளர்கின்றது. பாப்புவா நியூ கினியில் நடைபெற்று 1991-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று இதனைத் தெளிவாக்கிற்று. ஓராண்டு இடைவெளியில் இரத்தத்தைச் சோதித்தபோது, 20 வயதிற்குட்பட்டோரிடம் புழுத்தொற்றின் அளவு மிகுந்திருந்தது. அவ்வயதைக் கடந்தோரிடம் மிகவில்லை. இளம்புழுவின் மேற்புறத்தைத் தாக்கும் எதிர்ப்பொருள்களும் வயது வந்தோரிடமே மிகுதியாகக் காணப்பட்டன. பல்லாண்டுகள் தொடர்ந்து இளம்புழுக்களை எதிர்கொண்ட பின்னரே அவற்றைத் தடுக்கும் ஆற்றல் உண்டாகிறது என்பது இதனால் பெறப்படும் கருத்தாகும்.

எனினும் இத்தடைக்காப்பு முழுமையானதன்று. புதிதாக நுழையும் இளம்புழுவை அது தடுக்கக்கூடும். முன்னரே குடிகொண்ட முதிர்ந்த புழுவை வெளியேற்றுவதில்லை. கள்வன் உள்ளே புகுந்தபின் கதவைத் தாழிடுவதற்கு இதனை ஒப்பிடலாம். முதிர்ந்த புழு உடலின் எதிர்ப்பைத் தணித்து வாழும் இயல்புடையது. ஆகவே, நலமாகத் தோன்றும் பெரியவரும் நுண்புழுக்களைத் தம் இரத்தத்தில் தாங்கி, கொசுவின் வாயிலாகப் பிறர்க்கு நோயைப் பரப்பக்கூடும்.

தாயின் நிலையும் குழந்தையின் எதிர்ப்பாற்றலைப் பாதிக்கக்கூடும். குக் தீவுகளில் நடைபெற்று 1994-இல் வெளியான ஆராய்ச்சியில், கருவுற்றிருந்தபோது நுண்புழு தாங்கிய தாய்மாரின் மக்களிடம், 17 முதல் 19 வயதிலும் இப்புழுவிற்கு எதிரான வினை குறைந்தே காணப்பட்டது.

இவற்றிலிருந்து அறியத்தக்கது யாதெனில், பின்னாளில் வீங்கும் காலுக்குக் காரணமான புழு பெரும்பாலும் இளமையிலேயே குடிபுகுகின்றது என்பதாம். புழு முதிர்ந்து நுண்புழு தோன்றப் பல மாதங்கள் செல்வதால், இரவு இரத்தப் பரிசோதனையில் ஒன்றும் காணப்படாத குழந்தை தொற்றற்றது எனத் துணிதல் கூடாது.

எனவே, கூட்டு மருந்து வழங்கப்படும் பகுதிகளில், “குழந்தை நலமாகத்தானே இருக்கிறது, மருந்து எதற்கு?” என்று பெற்றோர் வினவினால், நலமாக இருக்கும்பொழுதே மருந்து உட்கொள்வது ஏன் என்பதை விளக்குதல் வேண்டும். இரண்டு வயதிற்குட்பட்ட குழந்தைகள், கருவுற்ற பெண்கள், கடும் நோயாளிகள் ஆகியோர்க்கு இம்மருந்து வழங்கப்படுவதில்லை. அவர்களைக் காப்பதற்குக் கொசுவலையும், நீர் தேங்காத சாக்கடையும் இன்றியமையாதவை.