திருத்தணி வெயிலில் தேறுமா உங்கள் போன்?

கோடை வந்தால் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டிய ஊர்களின் பட்டியலில் வேலூரோடு திருத்தணியும் இடம்பிடித்துவிடும். கடலோரச் சென்னைக்கு நண்பகலில் கடற்காற்று கைகொடுக்கும். உள்ளே தள்ளியிருக்கும் திருத்தணிக்கு அது வந்துசேர நேரமாகும், சில நாள் வராமலே போகும். கத்திரி வெயிலில் இங்கே 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வழக்கம். அதுவும் நிழலில் அளந்த கணக்கு. ஐபோனுக்கான பயன்பாட்டுக் குறிப்போ, 0 முதல் 35 டிகிரி வரை உள்ள சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது. அப்படியானால் ஆண்டில் பல நாள் திருத்தணியின் பகற்பொழுதே அந்த வரம்புக்கு வெளியே இருக்கிறது. போன் வாங்கும்போது மெலிந்த உடலையும் மின்னும் முதுகையும் பார்த்து 'பில்டு நல்லா இருக்கு' என்கிறோம். நம் ஊருக்கு முதலில் பார்க்க வேண்டியது, உள்ளே உண்டாகும் சூட்டை அந்த உடல் எப்படி வெளியேற்றுகிறது என்பதைத்தான்.

பெரும்பாலான போன்களில் விசிறி கிடையாது. சிப், திரை, பேட்டரி மூன்றின் சூடும் உடல் வழியாகவே காற்றில் இறங்க வேண்டும். அந்த வேகத்தைத் தீர்மானிப்பது போனுக்கும் காற்றுக்கும் உள்ள வெப்ப வித்தியாசம். மேற்பரப்பு 45 டிகிரியில் இருக்கும் போனுக்கு 25 டிகிரி ஏசி அறையில் 20 டிகிரி இடைவெளி கிடைக்கிறது. 40 டிகிரி வெளிக்காற்றில் வெறும் 5 டிகிரி. வெளியேறும் சூடு ஏறக்குறைய நாலில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். சென்னை - திருப்பதி சாலையில் திருத்தணியைக் கடக்கும் பைக்கின் ஹேண்டில்பாரில் மேப் காட்டிக்கொண்டிருக்கும் போனைக் கவனியுங்கள். வெயிலில் எழுத்து தெரிவதற்காகத் திரை முழு வெளிச்சத்துக்கு ஏறும். அந்த வெளிச்சமே சூட்டைக் கூட்டும். நேர்வெயில் வேறு மேலே விழும். கொஞ்ச நேரத்தில் திரை தானாக மங்கும், சார்ஜ் ஏறுவது நின்றுபோகும், சிப் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

உடல் எந்தப் பொருளால் ஆனது என்பது இங்கேதான் முக்கியமாகிறது. அலுமினியம் கடத்தும் வெப்பத்தில் நூறில் ஒரு பங்கைக்கூடக் கண்ணாடி கடத்தாது. பிளாஸ்டிக் அதைவிட மோசம். டைட்டானியம் உறுதியானது, விலை உயர்ந்தது. ஆனால் வெப்பத்தைக் கடத்துவதில் அலுமினியத்தை நெருங்க முடியாது. 2023-ல் ஐபோன் 15 புரோவுக்கு டைட்டானியச் சட்டகம் கொடுத்த ஆப்பிள், 2025-ல் 17 புரோவுக்கு அலுமினியத்துக்கே திரும்பியது. கூடவே, பல ஆண்ட்ராய்டு போன்களில் ஏற்கெனவே இருந்த ஆவி அறையையும் உள்ளே வைத்தது. துளி நீர் அடைத்த தட்டையான உலோக அறை அது. சிப்பின் அருகே நீர் ஆவியாகி, சூடு குறைந்த பக்கத்துக்குப் போய், இட்லிப் பானை மூடியில் நடப்பதுபோலத் திரும்ப நீராகும். பகட்டான உலோகத்தைக் கைவிட வைக்கும் அளவுக்கு வெப்பம் பெரிய பிரச்சினை என்பதற்கு இது நல்ல சாட்சி.

"போன் தன்னைத்தானே காத்துக்கொள்கிறதே, பிறகென்ன?" என்று கேட்கலாம். காத்துக்கொள்வது உண்மை. ஆனால் காசு கொடுத்து வாங்கிய வேகமும் வெளிச்சமும் மதியம் இரண்டு மணிக்குக் கிடைப்பதில்லை. பேட்டரி தேய்வதும் நிற்பதில்லை. முழு சார்ஜுடன் 25 டிகிரியில் ஓராண்டு வைத்த லித்தியம் அயனி பேட்டரி தன் கொள்ளளவில் சுமார் ஐந்தில் ஒரு பங்கை இழக்கும். 40 டிகிரியில் இழப்பு கொள்ளளவில் சுமார் மூன்றில் ஒரு பங்காகிவிடும். உள்ளே நடக்கும் வேதிவினைகளைச் சூடு விரைவாக்குவதே காரணம். வாயு சேர்ந்து பேட்டரி உப்பினால் பின்மூடி ஓரத்தில் மயிரிழை இடைவெளி விழும்; பசை விட்ட அந்த இடத்தில் ஐபி68 தண்ணீர்க் காப்பும் போய்விடும். வெயிலில் போனை எடுக்காமல் இருக்கலாமே என்பது அடுத்த யோசனை. உணவு டெலிவரி செய்பவருக்கும், ஆட்டோ ஓட்டுநருக்கும், மலையடிவாரத்தில் பூ விற்றுப் போனில் பணம் வாங்குபவருக்கும் அது தொழில் கருவி. அவர்கள் வெயிலைத் தவிர்க்க முடியாது. கருவிதான் வெயிலுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.

ஆய்வகச் சோதனைகள் இருக்கின்றனவே என்ற வாதமும் போதாது. ஐபி68 தூசி, தண்ணீர் பற்றி மட்டுமே பேசுகிறது. அமெரிக்க ராணுவத்தின் 810 தரநிலையில் வெப்பச் சோதனை உண்டு; ஆனால் அதில் எவற்றைச் செய்வது என்று போன் நிறுவனமே தேர்ந்துகொள்ளலாம். பக்கத்து மாவட்டத்து ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன்கள் தயாராகின்றன. எல்லை தாண்டி ஆந்திரத்தின் ஸ்ரீசிட்டியில் 2015 முதல் போன் உற்பத்தி நடந்துவந்திருக்கிறது. இங்கே செய்யும் பொருளை இங்குள்ள வெயிலில் சோதிப்பது நிறுவனங்களுக்குப் பெரிய வேலை இல்லை. பழுதுபார்ப்பதற்கு எளிதா என்று போன்களுக்கு மதிப்பெண் தரும் திட்டம் குறித்து 2025-ல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறையிடம் அறிக்கை தரப்பட்டிருக்கிறது. அந்த மதிப்பெண்ணுக்குப் பக்கத்திலேயே, 40 டிகிரியில் அரை மணி நேரம் ஓடியபின் திரை வெளிச்சமும் வேகமும் எவ்வளவு மிஞ்சுகின்றன என்பதையும் பெட்டியில் அச்சிட வேண்டும். அந்த எண்கள் வந்துவிட்டால், கடையில் போனைத் தடவிப் பார்த்துத் தரத்தை ஊகிக்கும் வழக்கம் நமக்குத் தேவைப்படாது.