தம்பிக்கு மட்டும் ஏன் அவ்வளவு குளிர்?

இரவு இரண்டு மணி இருக்கும். கூடாரத்துக்குள் என் தங்கை டார்ச்சை அடித்தாள். "அக்கா, இவன் கையைக் கொஞ்சம் தொட்டுப் பாரு" என்றாள். தொட்டேன். ஐஸ் மாதிரி இருந்தது. பக்கத்தில் படுத்திருந்த அவனுடைய இரட்டைச் சகோதரியின் கையும் அப்படித்தான். இருவருக்கும் இரண்டு வயது. அதே கூடாரத்தில் அதே மாதிரிப் போர்வைக்குள் அவர்களுடைய ஒன்பது வயது அக்கா நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். பேச்சுச் சத்தத்தில் விழித்தவள், "எனக்குக் குளிரவே இல்லையே பெரியம்மா, தம்பிக்கு மட்டும் ஏன்?" என்று கேட்டாள்.

பிள்ளைகளே, நல்ல கேள்வி அது. பதில் சொல்ல எனக்கு மறுநாள் முழுவதும் ஆனது.

நாங்கள் திருவனந்தபுரத்தில் ஒரு தமிழ்ச் சபையைச் சேர்ந்தவர்கள். சபையில் பாதிப் பேருக்கு நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம்தான் சொந்த ஊர். கன்னியாகுமரி மாவட்டம் 1956 வரை இந்தப் பக்கத்தோடு சேர்ந்திருந்ததால், பாட்டன் காலத்திலிருந்தே இந்தப் போக்குவரத்து உண்டு. இந்த ஆண்டு பொங்கல் விடுமுறைக்குப் பன்னிரண்டு குடும்பங்கள் சேர்ந்து பொன்முடி மலையில் இரண்டு இரவு கூடாரம் போட்டுத் தங்கலாம் என்று ஆயர் சொன்னபோது, "கைக்குழந்தைகளை வைத்துக்கொண்டா?" என்று தங்கை தயங்கினாள். பாட்டியும் வருகிறார் என்றதும்தான் சம்மதித்தாள்.

நகரத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். கல்லாறு தாண்டியதும் மலை ஏறத் தொடங்குகிறது. 22 கொண்டை ஊசி வளைவுகள். பிள்ளைகள் ஒவ்வொரு வளைவையும் சத்தமாக எண்ணிக்கொண்டே வந்தார்கள். மேலே, ஒரு தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய நிலத்தில் அனுமதி வாங்கியிருந்தோம். காட்டோரம் என்பதால் விறகு மூட்டவில்லை. கேஸ் அடுப்பில் கஞ்சியும் பயறும் சமைத்து, விளக்கைச் சுற்றி உட்கார்ந்து கீர்த்தனை பாடி, ஜெபித்துவிட்டுப் படுத்தோம்.

முதலில் மலை ஏன் குளிர்கிறது என்று பார்ப்போம். மேலே போனால் சூரியனுக்குக் கிட்டத்தில்தானே போகிறோம், சுட வேண்டுமே என்று ஒரு பையன் வண்டியிலேயே கேட்டான். சூரியன் சுமார் 15 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. ஒரு கிலோமீட்டர் கிட்டப் போவதெல்லாம் கணக்கிலேயே வராது. காற்றைப் பெரும்பாலும் சூடாக்குவது கீழே இருக்கும் தரைதான். சூடான காற்று மேலே ஏறும். மேலே அழுத்தம் குறைவு, அதனால் காற்று விரிகிறது, விரியும்போது குளிர்கிறது. சைக்கிள் ட்யூபின் வால்வை அமுக்கிப் பாருங்கள், வெளியேறும் காற்று விரலில் சில்லென்று படும். சராசரியாக 1000 மீட்டர் ஏறினால் 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். பொன்முடி சுமார் 1100 மீட்டர். நகரத்தில் இரவில் 22 டிகிரி என்றால் இங்கே ஏறத்தாழ 15.

15 டிகிரி ஒன்றும் பனிமலைக் குளிர் இல்லை. பெரியவர்களுக்கு ஒரு போர்வை போதும். அப்படியானால் தம்பியின் கை ஏன் ஐஸ் ஆனது?

மறுநாள் காலை, இரட்டையரின் பையில் இருந்த விளையாட்டு மரக்கட்டைகளை எடுத்து அக்காவிடம் கொடுத்தேன். எல்லாம் ஒரே அளவுக் கனசதுரக் கட்டைகள். உங்களிடம் இருந்தால் நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கட்டைக்கு எத்தனை முகம்? ஆறு. இப்போது எட்டுக் கட்டைகளை ஒட்டி அடுக்கிப் பெரிய கனசதுரக் கட்டை ஆக்குங்கள். வெளியே தெரியும் முகங்களை எண்ணுங்கள். 24. எட்டுக் கட்டைக்கு 24 முகம் என்றால் ஒரு கட்டைக்கு மூன்றுதான். மற்ற முகங்கள் உள்ளே ஒளிந்துகொண்டன. 27 கட்டைகளை அடுக்கினால் வெளியே 54 முகம். ஒரு கட்டைக்கு இரண்டு. அடுக்கு பெரிதாகப் பெரிதாக, ஒவ்வொரு கட்டைக்கும் கிடைக்கும் வெளிமுகம் குறைந்துகொண்டே வருகிறது. அக்கா இரண்டு தடவை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் நம்பினாள்.

உடம்பும் அப்படித்தான். சூடு உண்டாவது உள்ளே, சதையிலும் ஈரலிலும் மூளையிலும். சூடு வெளியேறுவது தோல் வழியாக. குழந்தைக்கு உடம்பு சின்னது, ஆனால் அந்தச் சின்ன உடம்பின் அளவுக்குத் தோல் அதிகம். சிறிய வீட்டுக்குப் பெரிய பெரிய வாசல்கள் வைத்தது போல. போதாததற்கு, பிறந்த குழந்தையின் உடல் மேற்பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு தலை மட்டுமே. பெரியவருக்கு அது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. குழந்தைக்குப் பாட்டி குல்லாய் மாட்டியே தீருவது சும்மா இல்லை.

இதே கணக்கு காட்டிலும் நடக்கிறது. எட்ருஸ்கன் மூஞ்சூறு என்று ஒன்று இருக்கிறது. எடை சுமார் 2 கிராம். சூடு ஓடிக்கொண்டே இருப்பதால் ஒரு நாளில் தன் எடையைவிட அதிகமாகத் தின்றால்தான் அது உயிர் வாழும். யானைக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. அவ்வளவு பெரிய உடம்பில் சூடு வெளியே போக வழி போதாது. அதனால்தான் அகன்ற காதுகளில் ரத்தத்தை ஓடவிட்டு, விசிறி விசிறிச் சூட்டைக் குறைக்கிறது. நம் திருவனந்தபுரம் மாவட்டத்திலேயே கோட்டூர் காப்புக்காட்டில் யானைகள் மறுவாழ்வு மையம் இருக்கிறது. போனால் வெயில் ஏற ஏற எந்த யானை எவ்வளவு வேகமாகக் காதை ஆட்டுகிறது என்று நின்று கவனியுங்கள்.

சரி, அந்த இரவுக்குத் திரும்புவோம். தங்கை பயந்துபோய் இன்னொரு போர்வையை மேலே போடப் போனாள். பாட்டி தடுத்தார். முதலில் பேரனின் பிடரியில் கையை நுழைத்துப் பார்த்தார். "உள்ளே சூடு இருக்கு மக்ளே, பயப்படாதே" என்றார். கையும் காலும் முதலில் குளிர்வது உடம்பு செய்யும் ஓர் ஏற்பாடு. அங்கே போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்கி, சூட்டை நெஞ்சுக்கும் மூளைக்கும் மிச்சப்படுத்துகிறது. ஆகவே குழந்தைக்கு உண்மையிலேயே குளிர்கிறதா என்று கையில் பார்க்கக்கூடாது, பிடரியிலோ வயிற்றிலோ பார்க்க வேண்டும்.

அடுத்துப் பாட்டி தொட்டுப் பார்த்தது அவன் காலுறையை. ஈரம். படுக்கும் முன் புல்லில் ஓடியிருக்கிறான், பனி இறங்கிய புல். நீர் காற்றைவிட ஏறத்தாழ 24 மடங்கு எளிதாகச் சூட்டைக் கடத்தும். ஈரக் காலுறை போட்டுவிடுவதைவிட வெறுங்கால் எவ்வளவோ மேல். கழற்றித் துடைத்து உலர்ந்ததை மாட்டினார்.

பிறகு கூடாரத்தின் சுவரைத் தடவினேன். உள்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. மழையே இல்லை. குளிர் வரக்கூடாது என்று எல்லா ஜிப்பையும் நான்தான் இழுத்து மூடியிருந்தேன். ஏழு பேர் விட்ட மூச்சில் இருந்த நீராவி வெளியே போக வழியின்றி, குளிர்ந்த துணியில் பட்டு நீராகிப் போர்வைகளில் சொட்டியிருக்கிறது. மேலே இருக்கும் வலை ஜன்னலைத் திறந்துவிட்டேன். குளிருக்குத் திறந்து வைப்பதா என்று தோன்றும். ஆனால் ஈரம் வெளியேறினால்தான் போர்வை போர்வையாக இருக்கும். போர்வைக்கென்று சொந்தச் சூடு கிடையாது. அதன் நூல்களுக்கிடையே சிக்கியிருக்கும் காற்றுதான் நம் சூட்டை நம்மிடமே நிறுத்தி வைக்கிறது.

இன்னொரு தப்பும் செய்திருந்தோம். கீழே ஒரு தார்ப்பாயும் பெட்ஷீட்டும் மட்டும்தான் விரித்திருந்தோம். எத்தனை போர்வை போர்த்தினாலும் அடியில் இருக்கும் மண் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பாட்டி வீட்டிலிருந்து சுருட்டிக் கொண்டுவந்த கோரைப்பாயை, வண்டியில் இடம் இல்லை என்று நாங்கள் முணுமுணுத்த அதே பாயை, இரண்டாக மடித்து அடியில் போட்டோம். செய்தித்தாள்களையும் சேர்த்தோம்.

கடைசியாகப் பாட்டி பேரனைத் தன் நெஞ்சோடு அணைத்து இருவருக்குமாகப் போர்த்திக்கொண்டார். தங்கை மகளை அணைத்துக்கொண்டாள். கட்டைகளை நினைத்துப் பாருங்கள். ஒட்டி வைத்ததும் முகங்கள் ஒளிந்தன அல்லவா? அதேதான். பத்து நிமிடத்தில் அவன் விரல்கள் வெதுவெதுப்பாகின.

இந்த அணைப்புக்கு மருத்துவத்திலும் இடம் உண்டு. கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகர மருத்துவமனை ஒன்றில், குறைமாதக் குழந்தைகளுக்குச் சூடு தரும் இன்குபேட்டர் பெட்டிகள் போதவில்லை. எட்கர் ரே என்ற மருத்துவர் 1978-ல், குழந்தையைத் தாயின் நெஞ்சோடு தோலும் தோலும் படக் கட்டிவைக்கும் முறையைத் தொடங்கினார். கங்காரு முறை என்று பெயர். இன்று நம் நாட்டு மருத்துவமனைகளிலும் நடக்கிறது. பிறந்த குழந்தைக்கு நம்மைப் போல நடுங்கிச் சூடு உண்டாக்கச் சரியாக வராது. பிடரியிலும் தோள்களுக்கு நடுவிலும் இருக்கும் பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் அது சூடு காண்கிறது. அந்தச் சேமிப்பு கரையாமல் காப்பது அம்மாவின் நெஞ்சு.

பெரிய வாசல் வழியாகச் சூடு வெளியே போகும் என்றால், உள்ளேயும் வரும். வெயிலில் நிறுத்தி மூடிய காருக்குள் பத்தே நிமிடத்தில் ஏறத்தாழ 10 டிகிரி ஏறிவிடும், குழந்தையின் உடம்பு பெரியவரைவிட வேகமாகச் சூடேறும். "கடையில் ஒரு நிமிஷம்தான்" என்று தம்பி தங்கையை வண்டியில் விட்டுப் போக யாராவது முனைந்தால், நீங்கள் குறுக்கே நின்று தடுங்கள். பெரியவர்களாக இருந்தாலும் பரவாயில்லை.

இரண்டாம் நாள் மாலை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் ஒரு சோதனை செய்தார்கள். ஒரே பானையிலிருந்து வெந்நீரை ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளரிலும் ஒரு பெரிய குண்டானிலும் ஊற்றி, பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தெர்மாமீட்டர் வைத்துக் குறித்தார்கள். இப்படி அளந்து குறிப்பது இந்த மலைகளுக்குப் புதிதில்லை. தெளிந்த நாளில் இந்த மலையிலிருந்து அகத்தியர்கூடம் என்ற மலை தெரியும். அந்த மலையில் 1855-ல், திருவனந்தபுரம் வானாய்வுக் கூடத்தின் இயக்குநராக இருந்த ஜான் ஆலன் பிரௌன் ஓர் ஆய்வு நிலையம் கட்டினார். மலைமேல் கிடைக்கும் அளவுகளைக் கீழே நகரத்து அளவுகளோடு ஒப்பிடுவதற்காக. அதைச் சொன்னதும் நோட்டைப் பிடித்திருந்த அக்கா நேரத்தை நிமிடம் தவறாமல் எழுதத் தொடங்கினாள்.

ஜெபத்துக்கு ஆயர் கூப்பிட்டபோது டம்ளர் தண்ணீர் ஆறிப் போயிருந்தது. குண்டானில் இன்னும் வெதுவெதுப்பு இருந்தது. அந்தத் தண்ணீரை எடுத்துத்தான் தங்கை இரட்டையரின் கால்களைக் கழுவினாள். அக்கா தன் துண்டால் விரலிடுக்குகூட விடாமல் ஈரத்தைத் துடைத்து, உலர்ந்த காலுறைகளை மாட்டிவிட்டாள்.