39 காலி இடங்களும் ஒரு திருட்டும்

நூலகங்கள் தங்களிடமுள்ள பழைய வீடியோ விளையாட்டுகளை ஆய்வாளர்களுக்கு இணையம் வழியே திறந்துவிடலாமா என்று கேட்டதற்கு, அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் கூடாது என்றது. அந்த ஆணைக்கு ஆயுள் மூன்று ஆண்டுகள். அடுத்த முடிவு 2027இல். கெடு நெருங்க நெருங்க வாசகர் கடிதங்களில் குழப்பமும் கூடுகிறது. தெலுக் இந்தான், ஈப்போ பக்கமிருந்து வருபவற்றில் மூன்று தனித்தனி விஷயங்கள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன: கடையில் இனிக் கிடைக்காத விளையாட்டு, பழைய கேசட்டுக்குள் அழிந்துபோன சொந்தச் சேமிப்பு, விளையாட்டு உருவாகும்போதே கைவிடப்பட்ட வரைவுகள். முதல் இரண்டுக்கும் கடைசியில் ஆளுக்கொரு வரி போதும். மூன்றாவதுதான் சிக்கல், ஏனென்றால் அதைப் பாதுகாக்க யாருக்கும் கடமை இல்லை. நம் மலேசியாவின் 1986 நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டம் வெளியிடப்பட்டதைத்தான் தேசிய நூலகத்துக்குக் கேட்கிறது. வெளியிடாத வரைவு அதன் கணக்கிலேயே வராது. மற்ற நாட்டுச் சட்டங்களும் பெரும்பாலும் அப்படித்தான். ஆக, போக்கிமோன் போன்ற விளையாட்டுகளில் விடுபட்ட உயிரினங்களைத் தேடும் வேலை முழுக்க ரசிகர்கள் தலையில் விழுந்திருக்கிறது. அதை அவர்கள் இரண்டு வழிகளில் செய்கிறார்கள். ஒன்று அசாத்தியமான புத்திசாலித்தனம். மற்றது திருட்டுப் பொருளின் மேல் நிற்கிறது.

புத்திசாலித்தனத்தை முதலில் பார்ப்போம். 1996 பிப்ரவரி 27 அன்று ஜப்பானில் வெளியான முதல் போக்கிமோன் விளையாட்டில் ஒவ்வோர் உயிரினத்துக்கும் இரண்டு எண்கள் உண்டு. ஒன்று ஆடுபவர் பட்டியலில் பார்க்கும் எண். 1 முதல் 151 வரை ஒழுங்காக ஓடும். மற்றது நிரலுக்குள் மட்டும் புழங்கும் உள் எண். அது 190 வரை போகிறது, எந்த ஒழுங்கும் இல்லாததுபோல் தெரிகிறது. உள் எண் 1, ரைடான். தான் வரைந்த உயிரினங்களில் முதலாவது அதுதான் என்று ஓவியர் கென் சுகிமோரியும் சொல்லியிருக்கிறார். அப்படியானால் இந்த ஒழுங்கின்மை உண்மையில் உருவாக்கிய வரிசையின் தடம் என்று எடுத்துக்கொள்ளலாம். பெரிய ஆமை பிளாஸ்டாய்ஸின் உள் எண் 28. அதன் குட்டி ஸ்க்வர்ட்டிலின் எண் 177. ஐவிசோருக்கு 9, அதற்கு முந்தைய வடிவமான பல்பசோருக்கு 153. குட்டியிலிருந்து பெரியது வளர்கிறது என்பது விளையாட்டின் கதை. பெரியதை முதலில் வரைந்து, நெடுநாள் கழித்துக் குட்டியைச் சேர்த்தார்கள் என்பது எண்கள் சொல்லும் கதை. 190இலிருந்து 151ஐக் கழித்தால் 39 வரும். மிஸ்ஸிங்நோ என்ற பெயரில் உலகமே அறிந்த உரு இந்த 39 இடங்களில்தான் குடியிருக்கிறது. அவற்றில் மூன்று, இரண்டு புதைபடிவங்களையும் ஓர் ஆவியையும் காட்டும் படங்களுக்கு ஒதுக்கப்பட்டவை. மீதி காலி.

விளையாட்டை வெளியிட்ட நிண்டெண்டோ மிஸ்ஸிங்நோவை ஒரு நிரல் கோளாறு என்று சொல்லி, விளையாட்டின் உண்மையான பகுதியல்ல என்று ஒதுக்கியது. பாதி உண்மைதான். மிஸ்ஸிங்நோ திரையில் தோன்றும் வழி கோளாறு. அந்த இடம் கோளாறல்ல. ஓர் உயிரினத்தைக் கைவிடும்போது அதன் வரியை அட்டவணையிலிருந்து உருவி எடுத்தால் பின்னால் வரும் எல்லா எண்களும் ஒன்று நகரும். காட்டில் எது எதிர்ப்படும், எந்த எதிராளி எதை வைத்திருப்பார், எது எதுவாக வளரும் என்று அந்த எண்களை நம்பி எழுதிய அத்தனை அட்டவணைகளும் குழம்பிப்போகும். அதனால் நிரலாளர்கள் வரியை விட்டுவைத்து, பெயரை மட்டும் மாற்றி, பட்டியல் எண்ணைச் சுழியம் ஆக்கினார்கள். ஒலியில்தான் வேடிக்கை. முதல் தலைமுறை உயிரினங்களின் குரல்கள் எல்லாம் 38 அடிப்படை ஒலிகளிலிருந்து, சுருதியும் நீளமும் மாற்றிப் பிறந்தவை. சில காலி இடங்களில் பெயரும் படமும் போன பிறகும் இந்தக் குரல் அளவுகள் அப்படியே கிடக்கின்றன. உடம்பு இல்லை, குரல் இருக்கிறது. ரசிகர்கள் இந்த நிரலைத் திரும்ப எழுதி, அதிலிருந்து உருவாகும் கோப்பு மூலத்தோடு பைட் பைட்டாக ஒத்துப்போகும் அளவுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். கேசட் வைத்திருக்கும் எவரும் இதைச் சரிபார்க்கலாம். யார் வீட்டுப் பூட்டையும் உடைக்க வேண்டியதில்லை.

தமிழ் வாசகருக்கு இந்த முறை புதிதல்ல. உ.வே.சாமிநாதையர் 1894இல் அச்சேற்றிய புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் இல்லை. பாட்டுதான் போனது; எண் போகவில்லை. எண் மிஞ்சியதால் தொலைந்தது இரண்டு என்றும், தொலைந்த இடம் இது என்றும் உறுதியாகச் சொல்ல முடிகிறது. பதிற்றுப்பத்தில் முதல் பத்தும் பத்தாம் பத்தும் இல்லை என்று தெரிவதும் இப்படித்தான். ஏட்டுக்கும் விளையாட்டுக்கும் ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. ஏட்டை அரித்தது காலமும் கரையானும். இங்கே அழித்தவர்கள் படைத்தவர்களே. எழுதியவருக்குத் தன் வரைவைக் கிழித்துப்போடும் உரிமை உண்டு என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் வெளியிட்ட பொருளுக்குள்ளேயே கிழித்த தடத்தையும் சேர்த்து விற்றுவிட்டு, அதை வாசிப்பது தவறு என்று சொல்ல முடியாது.

முறைக்கு எல்லையும் உண்டு. மியூ அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பிழைதிருத்தக் கருவிகளை நீக்கியபின் கிடைத்த ஏறத்தாழ 300 பைட் இடத்தில் கடைசி நேரத்தில் மியூவைச் செருகியதாக நிரலாளர் ஷிகெகி மொரிமோட்டோ பிற்பாடு சொன்னார். அதன் உள் எண்ணோ 21, மிக முன்னால். கடைசியில் வந்தது முன்வரிசையில் எப்படி உட்கார்ந்தது? காலியான பழைய இடம் ஒன்றை அதற்குக் கொடுத்திருக்கலாம். அல்லது மியூ பெயரளவில் முன்பே திட்டத்தில் இருந்து, படம் மட்டும் கடைசியில் வந்திருக்கலாம். எண்ணை மட்டும் வைத்து இதில் எது சரி என்று தீர்ப்பளிக்க முடியாது. நல்ல ஆய்வாளர்கள் அளிப்பதும் இல்லை. நிறுவனம் சொல்லும் தோற்றக் கதைகளை அப்படியே விழுங்காமல் இருக்க இந்த எண்கள் உதவுகின்றன. அதற்கு மேல் அவற்றின் மீது பாரம் ஏற்றக்கூடாது.

இங்கேதான் ஆட்சேபம் வருகிறது. காலி இடத்தை வைத்து ஊகிக்கத்தான் முடியும், கசிந்த கோப்பு படத்தையே காட்டிவிடுகிறதே என்பார்கள். 1997 நவம்பரில் ஸ்பேஸ் வேர்ல்ட் கண்காட்சியில் ஆடக் கொடுத்த போக்கிமோன் கோல்ட், சில்வர் விளையாட்டுகளின் மாதிரிப் பதிப்பு 2018 மே இறுதியில் வெளியே வந்தபோது, இறுதிப் பதிப்பில் இல்லாத நெருப்புக் கரடியும் கடல்நாய்க் குட்டியும் முழு உருவத்தோடு தெரிந்தன. எந்த ஊகமும் அதற்கு ஈடாகாது. ஆனால் அந்தக் கோப்பு போலியல்ல என்று நம்புவதற்கு, கண்காட்சிக் காலத்து ஜப்பானிய இதழ்களில் அச்சான திரைப்பிடிப்புகளோடு ஒப்பிட முடிந்தது பெரிய துணை. பகிரங்கமாக வெளியான சான்று இருந்ததால்தான் ரகசியமாக வந்த சான்றுக்கு மதிப்பு. இன்னொரு வேறுபாட்டையும் மறக்க வேண்டாம்: அது பொதுமக்கள் முன் வைத்த பதிப்பு. போக்கிமோனை உருவாக்கும் கேம் ஃபிரீக் நிறுவனத்தில் 2024 ஆகஸ்டில் நடந்த ஊடுருவல் அப்படியல்ல. இன்றைய, முன்னாள், ஒப்பந்தப் பணியாளர்களின் பெயர், மின்னஞ்சல் முகவரி என 2,606 பதிவுகள் வெளியேறியதாக நிறுவனமே அக்டோபரில் ஒப்புக்கொண்டது. வளர்ச்சிக் காலக் கோப்புகளும் அதையொட்டி இணையத்தில் சிதறின. ஓர் உயிரினத்தின் பழைய ஓவியத்துக்காக ஓர் ஊழியரின் முகவரியும் சேர்ந்து போவதைப் பாதுகாப்பு என்று அழைக்க எனக்கு வாய் வரவில்லை.

திருடாவிட்டால் எதுவுமே தெரியவந்திருக்காது என்பது அடுத்த வாதம். இதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, அந்த நியாயத்தை உண்டாக்கியதும் நிறுவனங்கள்தான். அவை தம் வரைவுகளை எந்த நூலகத்திடமும் ஒப்படைக்கும் வழக்கம் இல்லை. ‘நம் மரபைப் பேணுகிறோம்’ என்று அவை சொன்னால், மறுபடி விற்கக்கூடியதைப் பேணுகிறோம் என்று படித்துக்கொள்வது நல்லது. கியோட்டோ அருகே 2024 அக்டோபரில் திறந்த நிண்டெண்டோ அருங்காட்சியகத்திலும் மையம் வெளிவந்த பொருட்கள்தான். குறிப்பிட்ட ஆண்டுகள் கழிந்ததும் வரைவுகளை ஆய்வாளர் மட்டும் பார்க்கும் நிபந்தனையோடு நூலகத்துக்குக் கொடுத்தால் இந்த வாதத்தின் காற்று பிடுங்கப்பட்டுவிடும். அவ்வளவு செய்யாதவர்கள், ரசிகர்களைக் கொள்ளையர் என்று மொத்தமாக முத்திரை குத்துவது எடுபடாது. அட்டவணையில் காலி இடத்தை எண்ணுபவரும் சர்வரை உடைப்பவரும் ஒருவரல்லர்.

மீதிக் கேள்விகளுக்குச் சுருக்கமாக.

கேசட்டின் பேட்டரி செத்தால் விளையாட்டும் போய்விடுமா? இல்லை, உங்கள் சேமிப்பு மட்டும் போகும். விளையாட்டு தனிச் சில்லில் இருக்கிறது.

நிண்டெண்டோ த்ரீடிஎஸ் கருவியின் இணையக் கடை மூடியபின் வாங்கியதை மறுபடி இறக்கலாமா? 2023 மார்ச் 27 முதல் புதிதாக வாங்க முடியாது. வாங்கியதை இறக்குவதற்கு நிறுவனம் கடைசித் தேதி சொல்லவில்லை, அதையே ஒரு கெடுவாக எடுத்துக்கொண்டு இப்போதே இறக்கிவையுங்கள்.

எவ்வளவு பழைய விளையாட்டுகள் சந்தையில் இல்லை? அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியானவற்றில் 87 விழுக்காடு என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் கணக்கிட்டது.

சொந்தக் கேசட்டை நகலெடுக்கலாமா? முறையாக வாங்கிய நிரலுக்கு ஒரு மாற்றுப் பிரதி வைத்துக்கொள்ள மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டம் இடம் தருகிறது; பகிர இடம் தரவில்லை.

பாசார் மாலாமில் வாங்கிய போலிக் கேசட்டிலும் அந்த 39 இடங்கள் இருக்குமா? நேர் நகல் என்றால் இருக்கும். நகலெடுத்தவர் காலி இடத்தையும் சேர்த்துத்தான் எடுத்திருப்பார்.