மூச்சு விடும் கூரையில் தீ ஏன் ஓடுகிறது?

கோவில்பட்டி வட்டாரத்தில் தீப்பெட்டித் தொழில் வேரூன்ற வறண்ட காற்றும் ஒரு காரணம். குச்சி மருந்து சீக்கிரம் உலரும். அதே காற்றுதான் கூரையில் வேய்ந்த பனையோலையையும் சருகாக்கி வைக்கிறது.

ஓலை மெல்லியது, இடுக்கெல்லாம் காற்று. வீட்டைக் குளுமையாக வைக்கும் அந்த இடுக்குகளே தீக்கு ஆக்ஸிஜன் ஊட்டுகின்றன. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் சமையல் கொட்டகைத் தீ வகுப்பறையின் ஓலைக்கூரைக்குத் தாவி, 94 குழந்தைகளைக் கொன்றது. எந்தக் கட்டடப் பேச்சிலும் மறக்கக் கூடாத நாள் அது.

சுட்ட ஓட்டில் எரிவதற்கு எதுவும் மிச்சமில்லை. எல்லாம் சூளையிலேயே எரிந்துவிட்டது. ஆனாலும் ஓட்டுச் சந்துகள் வழியே புழுக்கம் வெளியேறும்.

இன்று ஓட்டுக்கு அடியிலும் சுவரிலும் விரிக்கும் படலம், மழைநீரைத் தடுத்து நீராவியை மட்டும் வெளியே விடுகிறது. பெரும்பாலும் அது பாலிப்ரொப்பிலீன். சுமார் 160 டிகிரி செல்சியஸில் உருகும், பற்றினால் எரிந்தபடி சொட்டும். எனவே வாங்கும்போது தீத் தரத்தையும் கேட்க வேண்டும். ஐரோப்பிய வரிசையில் ‘ஏ2’ ஏறத்தாழ எரியாதது. ‘ஈ’ சிறு சுடரைச் சற்று நேரமே தாங்கும். கூடவே ‘டி0’ என்றிருந்தால், சோதனையில் எரியும் துளி சொட்டவில்லை என்று பொருள்.