பழுதான டெலிவிஷன்: விசாரணையின்றித் தண்டனையா?

குற்றம் சாட்டப்பட்டவன் எவனாயினும், சாட்சியம் கேட்டு, குறுக்கு விசாரணை செய்து, குற்றம் இன்னதென்று நிச்சயித்த பின்னரே தண்டனை விதிக்க வேண்டுமென்பது நீதிஸ்தலங்களின் முதல் விதி. இவ்விதி மனிதருக்கு மாத்திரமன்று, வீட்டுக் கூடத்தில் வீற்றிருக்கும் டெலிவிஷன் பெட்டிக்கும் உரியதென்று நாம் கூறினால் நேயர்களிற் சிலர் நகைக்கக்கூடும். நகைத்து முடித்தபின் சற்று யோசிக்குமாறு வேண்டுகிறோம். நமது பட்டணங்களிலும் கிராமங்களிலும் எத்தனையோ பெட்டிகள் "இனி உதவாது" என்ற ஒற்றைச் சொல்லால் மரண தண்டனை பெறுகின்றன. அத்தண்டனையை விதிப்பவர் பல சமயங்களில் புதிய பெட்டியை விற்பவராகவே இருக்கிறார். அபராதத்தைச் செலுத்துபவரோ பெட்டிக்குச் சொந்தக்காரர். தீர்ப்பினால் லாபமடைபவரே நீதிபதியாகவும் அமர்வது எந்த ஊர் நியாயம்?

இது அற்ப விஷயமென்று ஒதுக்குவதற்கில்லை. 1975-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 15-ஆந் தேதி சென்னையில் டெலிவிஷன் நிலையம் தொடங்கியபோது அப்பெட்டி செல்வர் வீட்டுப் பொருளாயிருந்தது. 2006-ஆம் வருஷத்திற்குப் பின் மாகாண சர்க்காரே ஒரு கோடிக்கும் மேற்பட்ட கலர் பெட்டிகளை இலவசமாய் வழங்கியது. இன்று குடிசையிலும் அது இருக்கிறது. ஆகவே அது பழுதாகும்போது எழும் கேள்வி குடிசையின் வரவு செலவைத் தொடும் கேள்வியாகும்.

ஒரு வழக்கு

நமது அச்சுக்கூடத்தில் பணிபுரியும் அன்பர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் சம்பளத்தில் முன்பணம் கேட்டு வந்தார். காரணம் விசாரித்தோம். அவருடைய தாயார் பக்கவாதத்தினால் இரண்டு வருஷமாய்ப் படுக்கையில் இருக்கிறார். மகனும் மருமகளும் வேலைக்குச் சென்றபின் அவ்வம்மையாருக்குப் பகல் முழுவதும் துணையாயிருப்பது டெலிவிஷன் ஒன்றே. ஐந்து வருஷத்திற்கு முன் வாங்கிய முப்பத்திரண்டு அங்குலப் பெட்டி. திடீரென்று ஒரு நாள் திரை இருண்டுவிட்டது. சப்தம் மாத்திரம் வந்துகொண்டிருந்தது. கம்பெனியின் ஆள் வந்தார், வந்து பார்த்ததற்குக் கட்டணம் வாங்கிக்கொண்டார், பெட்டியைத் திறவாமலே, "பேனல் போய்விட்டது, அதை மாற்றும் விலைக்குப் புதிதே வாங்கிவிடலாம்" என்று தீர்ப்புரைத்துச் சென்றார். புதிய பெட்டி பதினாலாயிரம் ரூபாய். அன்பர் அதனைத் தவணைக் கடனில் வாங்க ஏற்பாடு செய்துவிட்டார். முதல் தவணைக்கே முன்பணம்.

"முன்பணம் தருவதற்குத் தடையில்லை, தம்பி. ஆனால் ஒரு நாள் பொறுங்கள். இன்றிரவு வீட்டு விளக்குகளை அணைத்துவிட்டு, டெலிவிஷனை ஓடவிட்டு, டார்ச் விளக்கைத் திரைக்கு வெகு அருகில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள்" என்றோம்.

மறுநாட் காலையில் வந்தார். "ஐயா, நிழல் மாதிரி மங்கலாய்ப் படம் ஓடுகிறது!" என்றார்.

அந்த நிழலே எதிரியை விடுதலை செய்யும் சாட்சியம். எல்.இ.டி. டெலிவிஷனில் படத்தை உண்டாக்கும் பேனல் தானே ஒளி விடுவதில்லை. அதன் பின்னால் சிறு சிறு எல்.இ.டி. விளக்குகள் பதித்த பட்டைகள் இருக்கின்றன. அவற்றின் ஒளி பேனலின் வழியாய் வருவதே நாம் காணும் படம். விளக்குகள் பெரும்பாலும் ஒன்றன்பின் ஒன்றாய்ச் சங்கிலி போல் இணைக்கப்பட்டிருப்பதால், ஒன்று அவிந்தால் திரை முழுவதுமே இருண்டுபோகக்கூடும். வெளியிலிருந்து ஒளி பாய்ச்சிப் படம் தெரியுமானால் பேனல் உயிரோடிருக்கிறது. சமிக்ஞையைப் படமாக்கும் மெயின் போர்டும் உயிரோடிருக்கிறது. பழுது பின்னொளியில், அல்லது அதற்கு மின்சாரம் தரும் பகுதியில் என்பது பெறப்படும். தெருக்கோடியில் கடை வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவர் பட்டைகள் முழுவதையும் மாற்றித் தந்தார். ஆன செலவு இரண்டாயிரம் ரூபாய்க்குள். தவணைக் கடன் ரத்தாயிற்று; அம்மையார் மாலைக்குள் தமது கதைகளைப் பார்க்கலானார்.

பேனல் போய்விட்டதென்று சொன்னவர் பொய்யர் என்று நாம் கூறவில்லை. ஒருவேளை அவர் அறியாமலே சொல்லியிருக்கலாம். ஆயினும் திறந்து பாராமல் சொன்னார் என்பது உண்மை. அதுவே நமது புகார்.

எது பழுது, எது முடிவு?

ஆகவே நேயர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "பெட்டிக்கு வயது எத்தனை?" என்பதன்று, "கெட்டது எந்த உறுப்பு?" என்பதேயாம். டெலிவிஷனின் உள்ளே பிரதானமாயிருப்பவை சிலவே: மின்சாரத்தை வாங்கிப் பங்கிடும் பவர் போர்டு, மூளையாகிய மெயின் போர்டு, படச் செய்தியைப் பேனலுக்கு ஒழுங்குபடுத்தி அனுப்பும் டி-கான் போர்டு, பின்னொளி, பேனல். இவற்றுள் பேனல் ஒன்றே பெட்டியின் விலையில் பெரும்பங்கைக் கொண்டது. பெரும்பாலும் அயல்நாட்டிலிருந்து வருவது. மற்றவை ஒப்பிட்டுப் பார்த்தால் சிறு செலவில் மாற்றக்கூடியவை.

ஒளியுமில்லை, ஒலியுமில்லை, சிறு சிவப்பு விளக்கும் எரியவில்லையென்றால், சுவரிலுள்ள பிளக்கையும் ஸ்விட்சையும் முதலில் சோதித்துவிட்டு, பின்னர் பவர் போர்டைச் சந்தேகிக்கலாம். மின்னலும் மின்சார ஏற்றத்தாழ்வும் முதலில் தாக்குவது அதனையே. தலை வீங்கிய கெபாசிட்டர் ஒன்றை மாற்றியதனால் உயிர் பெற்ற பெட்டிகள் அநேகம். பெட்டி கம்பெனியின் பெயரைக் காட்டி மறுபடி மறுபடி அணைந்து எரியுமானால், குற்றம் மென்பொருளிலாவது மெயின் போர்டிலாவது இருக்கலாம். படம் துண்டு துண்டாய்ச் சிதறினால், பெட்டியைக் குறைகூறுமுன் செட்-டாப் பாக்ஸையும் அதன் கம்பியையும் மாற்றிப் பார்ப்பது அறிவுடைமை; ஊழியன் செய்த பிழைக்கு எஜமானைத் தண்டிக்கலாகாது. இன்டர்நெட் செயலிகள் பழையதாகி ஓடாமற்போனாலும் பெட்டி கெட்டதென்று அர்த்தமில்லை. பின்புறத்துத் துளையில் செருகும் சிறு கருவி ஒன்று அக்குறையைத் தீர்த்துவிடும்.

மாறாக, குழந்தை எறிந்த பந்தினால் திரை விரிந்து, உள்ளே மை சிந்தியதுபோல் கறை படர்ந்ததென்றால் அதற்கு மேல்முறையீடு கிடையாது. வண்ணக் கோடுகள் மேலிருந்து கீழாய் நிலையாக நிற்பதும், திரையின் ஒரு பாதி மாத்திரம் வெளுத்துப்போவதும் பெரும்பாலும் பேனலின் ஓரத்திலுள்ள நுண்ணிய இணைப்புகள் விட்டுப்போனதன் அறிகுறிகள். டி-கான் போர்டும் அதன் கம்பியும் நிரபராதிகள் என்று நிச்சயித்துவிட்டால், புதியதை வாங்குவதே விவேகம். அவ்விடத்தும் பழைய பொருளின்மீதுள்ள பற்றினால் பணத்தைக் கொட்டுவது சிக்கனமாகாது. பழுது பார்ப்பதே தர்மம், புதிது வாங்குவதே பாபம் என்று உபதேசிக்க நாம் முன்வரவில்லை. ஆராய்ந்து முடிவு செய்யுங்கள் என்பதே நமது வேண்டுகோள்.

கணக்கும் காகிதமும்

பழுது பார்க்கும் செலவு புதிய விலையில் பாதியைத் தாண்டினால் புதியது வாங்கலாமென்று உலக வழக்கில் ஒரு விதி சொல்லப்படுகிறது. அது குறுக்கு வழியேயன்றிக் கணக்கன்று. இன்னும் எத்தனை வருஷம் ஓடும் என்பதனால் செலவை வகுத்துப் பார்ப்பதே கணக்கு. உதாரணமாக, இரண்டாயிரம் ரூபாய் செலவு செய்து மூன்று வருஷம் ஓடுமாயின் வருஷத்திற்கு ஏறக்குறைய அறுநூற்றறுபத்தேழு ரூபாய். பதினாலாயிரம் ரூபாய்ப் பெட்டி எட்டு வருஷம் உழைப்பதாய் வைத்துக்கொண்டாலும் வருஷத்திற்கு ஆயிரத்து எழுநூற்றைம்பது ரூபாய். தவணைக் கடனின் வட்டி வேறு. அதே பெட்டி ஒரு வருஷத்திற்குள் இரண்டாம் முறை, மூன்றாம் முறை வெவ்வேறு உறுப்பில் கெடுமாயின் கணக்குத் தலைகீழாகிவிடும். பழைய கண்ணாடிக் குழாய்ப் பெட்டியை வைத்திருப்போர் மின்சாரத்தையும் கணக்கிற் சேர்க்க வேண்டும். புதியது நாற்பது வாட் குறைவாய் உண்ணுமாயின், நாள் ஒன்றுக்கு ஐந்து மணி நேரம் ஓடும் வீட்டில் வருஷத்திற்கு எழுபத்துமூன்று யூனிட் மிச்சமாகும்.

வக்கீல் தொழில் நமக்குக் கற்பித்த சில எச்சரிக்கைகளையும் இங்கே கூறுவோம். முதலாவது, எது கெட்டது, எதை மாற்றப்போகிறார்கள், எவ்வளவு செலவு என்பவற்றை வேலைக்கு முன்பே எழுத்தில் வாங்குக. இரண்டாவது, பின்னொளிப் பட்டைகளை மாற்றுவதற்குப் பேனலைக் கழற்றித் தூக்க வேண்டும். பெரிய பேனல் கை தவறினால் உடையும். உடைந்தால் நஷ்டம் யாருடையது என்பதை முன்னதாகவே பேசிக்கொள்க. மூன்றாவது, கழற்றிய பழைய உறுப்பைத் திருப்பிக் கேளுங்கள். நான்காவது, ரசீது வாங்குங்கள். விற்ற பொருளுக்கும் செய்த வேலைக்கும் ரசீது தர மறுப்பது 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வியாபாரச் செயலாகும். ஜில்லா நுகர்வோர் ஆணையத்தில் இத்தகைய சிறு தொகை வழக்குகளுக்குக் கட்டணமில்லை என்று 2020-ஆம் வருஷத்து விதிகள் கூறுகின்றன. ஆனால் வழக்கின் காரணம் தோன்றிய இரண்டு வருஷத்திற்குள் முறையிட வேண்டும். ஐந்தாவது, பெட்டியின் முதுகைத் தாமே திறக்கும் வீரத்தை எவரும் காட்ட வேண்டாம். பிளக்கைப் பிடுங்கியபின்னரும் கெபாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். பழைய கண்ணாடிக் குழாய்ப் பெட்டிகளிலோ அது உயிருக்கே ஆபத்து.

சர்க்காரின் கடமை

மெக்கானிக் திறமைசாலியாயிருந்தும் உறுப்பு கிடைக்காவிடில் என் செய்வது? கையுண்டு, கருவியுண்டு, சரியான போர்டு இல்லை. இருந்தாலும் கம்பெனி வெளியாருக்குக் கொடாது. வயரிங் வரைபடமும் காட்டாது. சென்னை ரிச்சித் தெருவில் தேடியும் அகப்படாவிட்டால் நல்ல பெட்டியும் குப்பைக்குப் போகிறது. காசு கொடுத்து வாங்கிய பொருளைச் செப்பனிடும் உரிமை சொந்தக்காரனுக்கு இல்லையென்றால், அது எவ்விதச் சொந்தம்?

பிற தேசங்கள் இதற்கு வழி கண்டிருக்கின்றன. பிரான்சு தேசத்தில் 2021-ஆம் வருஷம் முதல், டெலிவிஷன் உள்ளிட்ட சில பொருள்களின் மீது அதனைப் பழுது பார்ப்பது எவ்வளவு சுலபம் என்பதற்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் இட வேண்டுமென விதித்தனர். ஐரோப்பிய யூனியன் அதே வருஷம் மார்ச்சு முதல், பவர் சப்ளை போன்ற டெலிவிஷன் உறுப்புகள், அந்த மாதிரிப் பெட்டியின் விற்பனை நின்றபின்னும் ஏழு வருஷமாவது கிடைக்கச் செய்ய வேண்டுமென்று உற்பத்தியாளரைக் கட்டாயப்படுத்தியது. இந்தியாவில் 2022-ஆம் வருஷம் மத்திய சர்க்கார் பழுது பார்க்கும் உரிமையைப் பற்றி ஒரு கமிட்டி நியமித்தது. அவ்வருஷம் டிசம்பரில் ஓர் இணையதளமும் திறந்தது. வரவேற்கிறோம். ஆனால் தகவல் தருவது வேறு, கட்டாயப்படுத்துவது வேறு. உறுப்புகள் இத்தனை வருஷம் கிடைக்க வேண்டும், அவற்றின் விலை வெளிப்படையாயிருக்க வேண்டும், வெளி மெக்கானிக்குகளுக்கும் கொடுக்கப்பட வேண்டும் என்று சட்டமே விதித்தாலன்றி இணையதளத்தினால் எந்தப் பெட்டியும் ஒளி பெறாது.

உண்மையாகவே ஆயுள் முடிந்த பெட்டியையாவது முறைப்படி அடக்கம் செய்ய வேண்டாமா? பழைய குழாய்களின் கண்ணாடியில் ஈயம் உண்டு, எல்.இ.டி.க்கு முற்பட்ட எல்.சி.டி. பெட்டிகளின் பின்னொளி விளக்குகளில் பாதரசம் உண்டு. இவற்றை உடைத்தும் எரித்தும் செம்பு பிரித்தெடுப்போர் தமது சுவாசப் பைகளை விலையாகக் கொடுக்கின்றனர். 2022-ஆம் வருஷத்து மின்னணுக் கழிவு விதிகள் 2023-ஆம் வருஷம் ஏப்ரல் முதல் அமலுக்கு வந்து, இக்கழிவு பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரரிடம் சேருவதற்கு உற்பத்தியாளரைப் பொறுப்பாளியாக்கின. நமது பங்கு, பழைய பெட்டியைத் தெருவில் எறியாமல் அவ்வழியிற் சேர்ப்பது.

நேயர்களே! உங்கள் வீட்டுத் திரை இருளும் நாளில் கடைக்கு ஓடாதீர்கள். கடன் பத்திரத்தில் கையெழுத்திடாதீர்கள். முதலில் விளக்கை அணைத்து, டார்ச்சை எடுங்கள். உங்கள் தெருவிலுள்ள மெக்கானிக்கை அழைத்துத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அவர் உழைப்பிற்குரிய கூலியைப் பேரம் பேசாது கொடுங்கள். அவர் கடை மூடப்பட்டால், நாளை "இனி உதவாது" என்று சொல்பவரை மறுத்துச் சாட்சி சொல்ல ஊரில் ஒருவரும் இருக்கமாட்டார்.