வானை மறைத்தல் கூடுமோ?

வேற்றுலக உயிர்களுக்குரிய சான்றுகளை அரசுகள் மறைத்து வைத்துள்ளன என்பார் பலர். அரசுகள் மறைக்க வல்லன எவை? 1947இல் அமெரிக்காவின் ரொஸ்வெல் அருகே வீழ்ந்தது, சோவியத்தின் அணுச் சோதனைகளை உளவறியும் இரகசியத் திட்டத்தின் பலூனே என்னும் முடிவை அந்நாட்டு விமானப்படை 1994இலேதான் வெளியிட்டது.

தன் கருவியை அரசு மறைக்கலாம். வானத்தை மறைத்தல் இயலாது. 1967இல் கேம்பிரிட்ஜ் ஆய்வு மாணவி யோசலின் பெல், ஏறக்குறைய 1.3 செக்கனுக்கு ஒருமுறை துடிக்கும் வானொலி அலையொன்றைக் கண்டார். வேற்றுலகோர் அனுப்பியதோ என்னும் ஐயமும் எழுந்தது. ஆய்வாளர் உறுதி காணும்வரை அதனைப் பகிரங்கப்படுத்தவில்லை. 1968 பெப்புருவரியில் செய்தி வெளிவந்ததும் பிற தொலைகாட்டிகளும் அவ்வலையைப் பதிவு செய்தன. அது சுழலும் நியூத்திரன் விண்மீனிலிருந்து வருவதென்பது பின்னர்த் தெளிவாயிற்று.

ஆய்வுகூடமொன்று வாய்மூடியிருப்பினும், அலை பல நாடுகள்மீதும் வீழ்ந்துகொண்டேயிருக்கும். பலர் நோக்கி உறுதிசெய்யாதது சான்றாகாது. பலர் நோக்கியது மறைபொருளாகாது.